கிட்னி கல்: வலி நின்ற பிறகு நடந்தவை

சிறுநீரகத்துக்குள் கல் சும்மா கிடக்கும்வரை பெரும்பாலும் வலிக்காது. வருஷக்கணக்கில் கிடந்தாலும் தெரியாது. வேறு எதற்கோ வயிற்றை ஸ்கேன் எடுக்கும்போதுதான் "இங்கே ஒரு கல் இருக்கே" என்பார்கள். அது நழுவிச் சிறுநீர்க்குழாயில் இறங்கினால் ராத்திரியோடு ராத்திரியாக ஆஸ்பத்திரிக்கு ஓட வைக்கும். எனக்கும் அப்படித்தான். வலி, ஊசி, காத்திருப்பு, ஆபரேஷன், உள்ளே வைத்த ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய், அதை வெளியே எடுத்தது என்று எல்லாம் முடிந்தபோது கையைவிட்டுப் போனது ஏறக்குறைய 92,000 ரூபாய். பணம் போனதைவிட, அடுத்து என்ன வரும் என்று எந்தக் கட்டத்திலும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லையே என்ற எரிச்சல்தான் அதிகம். அதனால் வரிசையாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் குழாயைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாதிக் குழப்பம் அதிலேயே தீரும். இரண்டு சிறுநீரகங்களுக்கும் சேர்த்து நிமிஷத்துக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் ரத்தம் போகிறது. அதிலிருந்து ஒரு நாளில் வடிகட்டப்படுவது சுமார் 180 லிட்டர் நீர். அதில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் உடம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்ள, கடைசியில் சிறுநீராக மிஞ்சுவது ஒன்றரை லிட்டர் சொச்சம். அது மூத்திரப்பைக்கு வந்துசேரும் வழிதான் யூரிட்டர் என்கிற சிறுநீர்க்குழாய். 25 முதல் 30 செ.மீ. நீளம் இருக்கும், உள்விட்டம் 3, 4 மி.மீ.தான். சிறுநீர் இதில் தானாக வழிந்து இறங்குவதில்லை. விழுங்கிய சோற்றைத் தொண்டை கீழே தள்ளுகிற மாதிரி, குழாயின் தசை மேலிருந்து கீழாகச் சுருங்கிச் சுருங்கித் தள்ளுகிறது. படுத்திருந்தாலும் மூத்திரப்பை நிரம்புவது அதனால்தான். இந்தக் குழாய் மூன்று இடங்களில் குறுகலாக இருக்கும்: சிறுநீரகத்தைவிட்டுப் புறப்படும் இடம், இடுப்புக்குள் பெரிய ரத்தக்குழாயைத் தாண்டும் இடம், மூத்திரப்பையின் சுவரைத் துளைத்து உள்ளே நுழையும் இடம். கல் மாட்டுவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான். கடைசி இடம்தான் ரொம்பக் குறுகல். அங்கே குழாய் சுவருக்குள் சாய்வாக நுழைவதால் ஒரு வால்வு மாதிரியும் வேலை செய்கிறது. மூத்திரப்பை சுருங்கும்போது சிறுநீர் மேலே ஏறாமல் தடுக்கிறது. இந்த வால்வை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஸ்டென்ட் பற்றிச் சொல்லும்போது தேவைப்படும்.

வலி எதனால் வருகிறது? கல் குழாயைக் கிழித்துக்கொண்டு போவதால் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். உண்மையில் வலியின் பெரும்பங்கு அழுத்தத்தால் வருவது. வழி அடைபட, மேலே தேங்கும் சிறுநீர் குழாயையும் சிறுநீரகத்தையும் உப்ப வைக்கிறது. உள்ளே புராஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனம் சுரந்து ரத்த ஓட்டத்தைக் கூட்டி அழுத்தத்தை இன்னும் ஏற்றுகிறது. வலி விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் ஆரம்பித்து, கல் இறங்க இறங்க அடிவயிறு, தொடை இடுக்கு, ஆண்களுக்கு விதைப்பை வரைக்கும் பாய்கிறது. நிற்க முடியாது, உட்கார முடியாது, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் ஒன்றுதான். கூடவே குமட்டலும் வாந்தியும் வரும். குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் ஒரே நரம்புத் தொடர்பு இருப்பதுதான் காரணம். வாந்தியைப் பார்த்து வாயுக்கோளாறு என்று ஜெலுசில் குடித்துவிட்டு ராத்திரியைக் கடத்துகிறவர்களும் உண்டு. இன்னொரு ஏமாற்று வேலையும் இருக்கிறது. கல் கடைசிக் குறுகலுக்கு வந்துவிட்டால், மூத்திரப்பையில் நீரே இல்லாவிட்டாலும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் அவசரமாக வருகிற மாதிரி இருக்கும். போனால் நாலு சொட்டு, எரிச்சல். "சூடு பிடிச்சிருக்கு, நல்லெண்ணெய் வை, இளநீர் குடி" என்று வீட்டில் சொல்வது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். நீர்க்கடுப்பு என்று ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுக்கும் டாக்டர்களும் இருக்கிறார்கள்.

இந்த வலிக்கு முதல் மருந்து டைக்ளோஃபெனாக் மாதிரியான வலி நிவாரணிகள். புராஸ்டாகிளாண்டினைத் தடுப்பதால் அவை வலியின் வேரிலேயே வேலை செய்கின்றன. வயிற்றுப் பிடிப்புக்குக் கொடுக்கும் ஊசியைவிட இதில் நல்ல பலன் கிடைக்கிறது. ஆனால் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏற்கெனவே கூடியிருப்பவர்கள், அல்சர் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் ஊசி போடுவதற்கு முன்பே வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு வேறு மருந்து இருக்கிறது. வலி உச்சத்தில் இருக்கும்போது "லிட்டர் கணக்கில் தண்ணி குடிச்சா கல்லை அடிச்சுத் தள்ளிடும்" என்ற யோசனையைக் கேட்காதீர்கள். அடைத்த குழாய்க்கு மேலே இன்னும் நீர் சேர்ந்தால் அழுத்தம்தான் ஏறும். வாந்தியில் போனதை ஈடுகட்டும் அளவுக்குக் குடித்தால் போதும். வயிறு முட்டக் குடிக்க வேண்டிய காலம் பிறகு வரும், அது கல் திரும்ப வராமலிருக்க.

வலியோடு குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வந்தால் கதையே வேறு. அடைபட்ட சிறுநீரகத்துக்குள் கிருமி சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். சில மணி நேரத்தில் ரத்தம் முழுக்கப் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆன்டிபயாட்டிக் மட்டும் போதாது. உள்ளே ஸ்டென்ட் வைத்தோ முதுகு வழியாகக் குழாய் போட்டோ தேங்கியதை உடனே வடிய விட வேண்டும். கல்லை எடுப்பதைக்கூடப் பிறகு பார்த்துக்கொள்வார்கள். ஒரே சிறுநீரகம் உள்ளவர்கள், சிறுநீரே வராமல் நின்றுபோனவர்கள், ஊசி போட்டும் வலி அடங்காதவர்கள் ஆகியோரும் காலைவரை காத்திருக்கக் கூடாது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். ஊசி போட்டு வலி அடங்கி, அடுத்த சில நாளில் வலி அறவே நின்றுபோனது. "கல் வெளியே போயிருக்கும்" என்றுதான் அந்த ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். குழாய் அடைபட்ட சில மணி நேரத்துக்குப் பிறகு அந்தப் பக்கச் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை உடம்பே குறைத்துவிடுகிறது. ரத்தம் குறைந்தால் வடிகட்டுவது குறையும், அழுத்தம் இறங்கும், வலியும் போய்விடும். கல் இம்மி நகராமல் அங்கேயே இருக்கும். ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் சரியாக வந்தாலும் அது ஆறுதல் இல்லை. மற்ற சிறுநீரகம் நன்றாக இருந்தால் இரண்டுக்கும் சேர்த்து அதுவே சமாளித்துவிடும், ரிப்போர்ட் அழகாக இருக்கும். அடைப்பு முழுசாக இருந்து வாரக்கணக்கில் நீடித்தால் அந்தச் சிறுநீரகம் திரும்ப மீளாத அளவுக்குக் கெடலாம், ஒரு சத்தமும் இல்லாமல். இதைக் கேட்டபோதுதான் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. வலித்த ராத்திரியில்கூட அப்படிப் பயந்ததில்லை. ஆகவே கல் போனதா என்று தீர்மானிக்க இரண்டே வழிதான்: கல்லைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், அல்லது ஸ்கேன் சொல்ல வேண்டும். பார்ப்பதற்கு ஒரு பழைய டீ வடிகட்டி போதும்; ஒவ்வொரு தடவையும் அதன் வழியாக நீர் கழியுங்கள். மிளகில் பாதிகூட இல்லாத, பழுப்பு நிறத்தில் சொரசொரப்பான ஒரு துணுக்கு அதில் நிற்கும். அதைக் கழுவித் துடைத்து ஒரு சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள், பரிசோதனைக்கு வேண்டும்.

ஸ்கேனிலும் வித்தியாசம் உண்டு. அல்ட்ராசவுண்டில் சிறுநீரகத்துக்குள் இருக்கும் கல்லும் வீக்கமும் நன்றாகத் தெரியும். குழாயின் நடுப்பகுதி குடலுக்குப் பின்னால் மறைந்திருப்பதால் அங்கே உள்ள கல் பெரும்பாலும் தெரியாது. கீழ்க் கோடியில் உள்ள கல் தெரிய மூத்திரப்பை நிரம்பியிருக்க வேண்டும். "தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்று உட்கார வைப்பது அதற்குத்தான், அவசரப்பட்டு அரைகுறையாகப் போய்ப் படுக்காதீர்கள். அதே ஸ்கேனில் ஓட்டத்தை நிறமாகக் காட்டும் டாப்ளர் போட்டால் மூத்திரப்பைக்குள் இரண்டு பக்கமும் சிறுநீர் பீய்ச்சி அடிப்பது திரையில் சிவப்புக் கீற்றாகப் பளிச்சிடும். ஒரு பக்கம் கீற்று வருகிறது, மறுபக்கம் நிமிஷக்கணக்கில் ஒன்றுமே வரவில்லை என்றால் அடைப்பைச் சந்தேகிக்கலாம். சந்தேகம் தீர வேண்டுமானால் சாயம் ஏற்றாத சி.டி. ஸ்கேன்தான், ரிப்போர்ட்டில் என்.சி.சி.டி. கே.யு.பி. என்று எழுதியிருக்கும். கல் எங்கே, எத்தனை மில்லிமீட்டர், எவ்வளவு கெட்டி என்பதெல்லாம் அதில் கிடைக்கும். கெட்டித்தன்மையை ஹவுன்ஸ்ஃபீல்டு எண்ணில் போடுவார்கள். 1000-க்கு மேல் என்றால் வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைப்பது கஷ்டம். 500-க்குள் என்றால் யூரிக் அமிலக் கல்லாக இருக்கலாம். அது சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. கர்ப்பமாக இருக்க வாய்ப்புள்ளவர்கள் சி.டி.க்கு முன் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

அளவைப் பொறுத்துத்தான் காத்திருப்பதும் ஆபரேஷனும். 4 மி.மீ.க்குள் என்றால் பெரும்பாலானவை தானே வந்துவிடும். 5-இலிருந்து 10 மி.மீ. வரை இருந்தால் பாதிக்குப் பாதி. 10-ஐத் தாண்டினால் தானாக வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கீழ்ப்பகுதியில் மாட்டிய கல்லுக்கு டாம்சுலோசின் 0.4 மி.கி. எழுதிக் கொடுப்பார்கள், குழாயின் தசை தளர. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் நல்லது. எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம். ஆண்களுக்கு அந்த மாத்திரை எடுக்கும்வரை விந்து வெளியே வராமல் பின்னோக்கிப் போகலாம். மருந்தை நிறுத்தினால் சரியாகிவிடும், யாரும் சொல்லாததால் பதறிப்போகிறார்கள். கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருப்பவர்கள் இந்த மாத்திரை பற்றிக் கண் டாக்டரிடம் சொல்ல வேண்டும், கருவிழித்திரை தளர்ந்து ஆபரேஷனில் சிக்கல் செய்யும். காத்திருப்பதற்கும் கெடு உண்டு: காய்ச்சல் இல்லாமல், வலி தாங்கும்படி இருந்தால் நாலிலிருந்து ஆறு வாரம். அதற்குள் ஒரு தடவையாவது மறு ஸ்கேன் பார்த்துவிட வேண்டும். வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் கஷாயம் எல்லாம் எங்கள் வீட்டிலும் வந்தன. அவற்றோடு உள்ளே போகும் தண்ணீரால் நன்மைதான். ஆனால் நம்மில் பெரும்பாலானவர்களுக்கு வருவது கால்சியம் ஆக்சலேட் கல். அதைக் கரைக்கிற மாத்திரையும் கிடையாது, சாறும் கிடையாது. மாத்திரையால் நன்றாகக் கரைவது யூரிக் அமிலக் கல். பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்துச் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்து, அதன் பி.எச். அளவை 6.5-க்கு மேல் வைத்திருந்தால் அது கரையும்.

என் கல் கரையாத ரகம், நகரவும் இல்லை. மறு ஸ்கேனில் சிறுநீரகம் வீங்கியிருந்தது. மூத்திர வழியாகவே மெல்லிய டெலஸ்கோப்பை விட்டு லேசரால் கல்லைப் பொடியாக்கினார்கள். வெட்டு, தையல் எதுவும் இல்லை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்கிறார்கள், சில இடங்களில் முழு மயக்கம். (2 செ.மீ.க்கு மேல் சிறுநீரகத்துக்குள் இருக்கும் கல்லுக்கு முதுகில் சின்னத் துளை போட்டு எடுப்பார்கள். அது தனி சமாச்சாரம்.) ஆபரேஷன் லேசானது. சிரமம் அதற்குப் பிறகு, டிஜே ஸ்டென்ட் என்ற பெயரில் வருகிறது. இரண்டு முனையிலும் பன்றிவால் மாதிரி சுருண்ட மெல்லிய பிளாஸ்டிக் குழாய் அது. ஒரு சுருள் சிறுநீரகத்துக்குள், இன்னொன்று மூத்திரப்பைக்குள். ஆபரேஷனால் வீங்கிய யூரிட்டர் மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. ஆனால் முன்னே சொன்ன வால்வை அது திறந்தே வைத்துவிடுகிறது. சிறுநீர் கழிக்கும்போது பை சுருங்க, நீர் மேலேயும் ஏறுகிறது. அந்தப் பக்க விலாவில் சுரீர் என்று குத்துகிறது. ஏதோ தப்பாகப் போய்விட்டது என்றுதான் தோன்றும். தப்பில்லை, ஸ்டென்ட் போட்ட பலருக்கு இது உண்டு. கீழ்ச் சுருள் பையை உரசுவதால் அடிக்கடி அவசரம், கழித்து முடித்தும் மிச்சமிருக்கிற உணர்வு. பைக்கில் போனாலோ கொஞ்சம் நடந்தாலோ சிறுநீர் ரோஸ் நிறமாகும், உட்கார்ந்து தண்ணீர் குடித்தால் தெளியும். அதற்கும் பயப்பட வேண்டாம். கட்டி கட்டியாக ரத்தம், காய்ச்சல், நீர் அடைத்துக்கொள்வது என்றால் மட்டும் உடனே போக வேண்டும்.

ஸ்டென்ட் நாட்களைச் சமாளிக்கச் சில வழிகள் உண்டு. நீரை அடக்கவே கூடாது. பை நிரம்பினால் பின்னோக்கி ஏறும் அழுத்தமும் கூடும். முக்காமல், ஆண்களும் உட்கார்ந்து, நிதானமாகப் போனால் குத்து குறைகிறது. மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டாம்சுலோசினும், பையின் துடிப்பை அடக்க மிராபெக்ரான் அல்லது சோலிஃபெனாசினும் எழுதிக் கொடுத்தால் நிறையப் பேருக்கு நல்ல வித்தியாசம் தெரியும். டாக்டர் தானாக எழுதவில்லை என்றால் கேளுங்கள். மற்றொன்று, எடுக்க வேண்டிய தேதி. டிஸ்சார்ஜ் சீட்டில் அது இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் எழுதி வாங்கி, வீட்டில் இரண்டு பேர் ஃபோனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். தொந்தரவு பழகிப்போய் மறந்துவிடுகிறவர்கள் உண்டு. மூன்று மாதத்தைத் தாண்டினால் ஸ்டென்ட் மேலேயே உப்புப் படிந்து கல்லாகிவிடலாம். அப்படி ஆனால் இழுத்தால் வராது, அதை எடுக்கவே இன்னொரு ஆபரேஷன்.

எடுப்பது சில நிமிஷ வேலை. மரத்துப்போகும் ஜெல்லை உள்ளே விட்டு, சின்ன டெலஸ்கோப்பால் சுருளைப் பிடித்து இழுத்துவிடுகிறார்கள். ஜெல் விட்டதும் ஆரம்பிக்க விடாதீர்கள், அஞ்சு பத்து நிமிஷம் ஊற வேண்டும். கருவி உள்ளே போகும்போது மூச்சை இழுத்துப் பிடித்தால் தசை இறுகும். மூச்சை வெளியே விட்டுக்கொண்டே சிறுநீர் கழிக்கிற மாதிரி தளர்த்தினால் சட்டென்று போய்விடும். பெண்களுக்கு வழி குட்டையானதால் இன்னும் சுலபம். எடுத்த அன்று ராத்திரி பழைய வலி மாதிரியே ஒன்று சில மணி நேரம் வரலாம், வீங்கிய குழாய் தற்காலிகமாக அடைப்பதால். வலி மாத்திரை ஒரு ஸ்ட்ரிப் கையில் இருக்கட்டும்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி எமர்ஜென்சியும் அல்ட்ராசவுண்டும் 4,800. சி.டி. 5,500. ஆபரேஷன் பேக்கேஜ் 68,000. ஸ்டென்ட் எடுக்க 9,500. மீதி மருந்துக்கும் மறு ஸ்கேனுக்கும். பேக்கேஜ் என்றால் ஸ்டென்ட் எடுப்பதும் சேர்ந்தது என்று நாம் நினைப்போம். பல இடங்களில் சேராது. லேசர் கட்டணம், ஸ்டென்ட் விலை, எடுக்கும் கட்டணம் மூன்றும் அடக்கமா என்று அட்மிஷனுக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். இன்ஷூரன்ஸ் எனக்குக் கைகொடுக்கவில்லை. சிறுநீரகக் கல்லுக்குப் பல பாலிசிகளில் 24 மாதக் காத்திருப்புக் காலம் உண்டு, பாலிசி எடுத்த புதிது என்றால் பணம் கிடைக்காது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்கள் பணம் கட்டும் முன் அதில் இந்தச் சிகிச்சைக்கு அனுமதி கிடைக்குமா என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுன்ட்டரில் விசாரியுங்கள். யூராலஜி பிரிவு உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இதே சிகிச்சை நடக்கிறது.

கல் ஒருதரம் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பத்து வருஷத்துக்குள் திரும்ப வருகிறது. அதனால் எடுத்த கல் துணுக்கைக் கேட்டு வாங்கிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். இது எந்த ரகம் என்று தெரியாமல் பத்தியம் இருப்பதில் அர்த்தமில்லை. அடிக்கடி வருகிறவர்களுக்கு 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனையும் உண்டு. காலையில் முதல் நீரைக் கொட்டிவிட்டு அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து மறுநாள் அதே நேரத்து நீர் வரைக்கும் ஒரு சொட்டு விடாமல் சேர்க்க வேண்டும். லேப் கொடுக்கும் கேனில் அமிலம் இருக்கலாம், நேராக அதில் கழிக்காமல் மக்கில் பிடித்து ஊற்றுங்கள். ஸ்டென்ட் எடுத்துச் சில வாரம் கழித்து, வழக்கமாகச் சாப்பிடுகிறதையே சாப்பிட்டுக்கொண்டு எடுத்தால்தான் உண்மை தெரியும்.

சாப்பாட்டில் எல்லாரும் முதலில் கைவைப்பது பாலிலும் தக்காளியிலும். இரண்டுமே வீண் பழி. தக்காளியில் ஆக்சலேட் (கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகும் பொருள்) குறைவுதான். பாலை நிறுத்தினால் கெடுதல்தான் கூடும்: குடலில் கால்சியம் இருந்தால் அது ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியே அனுப்பிவிடும், இல்லையென்றால் ஆக்சலேட் ரத்தத்தில் ஏறிச் சிறுநீருக்கு வரும். கீரையும் தயிரும் சேரக் கூடாது என்பார்கள் நம் வீடுகளில். கல் வருகிறவர்கள் சேர்த்துச் சாப்பிடுவதே நல்லது. ஆக்சலேட் மிக அதிகம் பாலக் கீரையில். வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் ஓரளவு குறையும். உண்மையான வில்லன் உப்பு. சோடியம் அதிகமாக வெளியேறும்போது கால்சியத்தையும் கூடவே சிறுநீருக்கு இழுத்துக்கொண்டு போகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் எல்லாம் இதில் வரும். எலுமிச்சைச் சாற்றில் உள்ள சிட்ரேட் கல் உருவாவதைத் தடுக்கும். நாம் அதில் ஒரு சிட்டிகை என்று சொல்லி அரை ஸ்பூன் உப்பைப் போட்டு எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்கிறோம். வைட்டமின் சி மாத்திரையைத் தினமும் ஒரு கிராம் போடும் பழக்கம் இருந்தால் விடுங்கள், அது உடம்பில் ஆக்சலேட்டாக மாறும். தண்ணீருக்குக் கணக்கு குடிப்பதில் இல்லை, கழிப்பதில் இருக்கிறது: நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் வர வேண்டும். சித்திரை வெயிலில் வேலை செய்கிறவருக்கு மூன்று லிட்டர் குடித்தாலும் வியர்வையாகவே போய்விடும். ஒரு விடுமுறை நாளில் அளவு போட்ட ஜாடியில் பிடித்து அளந்துவிட்டால் உங்களுக்கு எவ்வளவு குடிக்க வேண்டும் என்பது தெரிந்துபோகும். இதய நோயோ சிறுநீரகச் செயலிழப்போ இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

கடைசியாக ஒரு ஸ்கேன் பாக்கி இருக்கும், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். ஸ்டென்ட் எடுத்து ஒன்றரை மாதம், இரண்டு மாதத்தில் ஓர் அல்ட்ராசவுண்டு. லேசர் பட்ட இடத்திலோ கல் ரொம்ப நாள் அழுத்திக் கிடந்த இடத்திலோ சிலருக்குத் தழும்பு விழுந்து குழாய் சுருங்கிவிடும், அதுவும் வலிக்காமலேயே. ரிப்போர்ட்டில் அந்தப் பக்கச் சிறுநீரகத்தில் வீக்கம் இல்லை என்று எழுதியிருந்தால் ஃபைலை மூடலாம். பிறகு வருஷத்துக்கு ஒருதரம் பார்த்துக்கொண்டால் போதும்.